திரைக்கு வெளியே நீண்ட கை

1. ஒரு நாள் ஆபீசர்

எலெக்‌ஷன் வேலைக்கு என்னைப் போட்டு உத்தரவு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காகிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் என் பேரும் மைலாப்பூர் என்ற ஊர்ப்பேரும் மட்டும் தெரிந்தன. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிக்கொண்டு, எங்கள் வாக்சினேஷன் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏன் தாயாரம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஐடென்டிஃபையிங் ஆபீசர்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு நீயும் ஆபீசர். எனக்கே சலாம் போடச் சொல்லுவே போலிருக்கு," என்று சிரித்தார் அவர்.

நான் சிரிக்கவில்லை.

அப்போது நான் நகர சுகாதார இலாகாவில் பெண் வாக்சினேட்டர். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மை குத்துவது வேலை. மைலாப்பூர்க் குளத்திலிருந்து கிழக்கே நொச்சிக்குப்பம் வரைக்கும், மேற்கே தேனாம்பேட்டை எல்லை வரைக்கும் என் சர்க்கிள். முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பத்து வருஷமும் தினம் காலையில், இன்றைக்கு என்ன தப்பு செய்யப் போகிறேனோ என்று நினைத்துக்கொண்டுதான் லான்செட் கத்திப் பெட்டியைத் தூக்குவேன். அது என் சுபாவம். யாராவது 'கொஞ்சம் நில்லு' என்றால்கூட என்ன தப்பு செய்தேன் என்று கேட்டுவிடுவேன்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு அந்தக் காலத்து ஓட்டு எப்படி நடந்தது என்று தெரிந்திருக்காது. ஓட்டரிடம் காட்டுவதற்கு ஒரு அத்தாட்சியும் கிடையாது. லிஸ்டில் பேர், புருஷன் பேர், கதவு நம்பர், வயது என்று ஒரு வரி இருக்கும். வந்து நிற்பவர் அந்த வரிக்கு உரியவர்தான் என்று, தெருக்காரர்களை அறிந்த ஒருத்தர் பூத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆண்கள் பூத்துக்கு வரி வசூல் சிப்பந்திகளைப் போட்டார்கள். முஸ்லிம் தொகுதிக்கு லிஸ்டும் தனி, பூத்தும் தனி. அதிலே பெண்கள் பூத்துக்கு யாரைப் போடுவது? கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு தெருக்களிலும் பெரும்பாலும் கோஷா வீடுகள். அந்தப் பெண்களின் முகத்தை வெளி ஆண்பிள்ளை யாரும் பார்த்தது கிடையாது. அந்த வீடுகளுக்குப் போய்வருகிற ஒரே சர்க்கார் மனுஷி அம்மை குத்துகிறவள்தான் என்று யாரோ ஒரு கெட்டிக்கார குமாஸ்தா என் பேரை எழுதிவிட்டார்.

"அந்தத் தெருப் பொம்பளைங்களை எல்லாம் உனக்கு நல்லாத் தெரியுமில்லே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியும் ஐயா," என்றேன்.

பயத்தில் வந்த பதில் அது. தெரியாது என்றால், பின்னே அங்கே போய் என்னத்தைக் குத்தினாய் என்று கேட்பார் என்று பயம். வாஸ்தவத்தில் அந்தத் தெருக்களில் ஒரு பெண்ணின் முகமும் எனக்குத் தெரியாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், அந்தத் தெருக்கள் என் சர்க்கிளில் சேர்ந்த புதிதில், வைசூரி கடுமையாகப் பரவியது. வாக்சினேட்டர்கள் சில பேர் குத்தாமலே குத்தியதாக எழுதிவிடுகிறார்கள் என்று புகார் வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் நேர்மையான மனுஷர். ஒவ்வொரு கையையும் என் கண்ணால் பார்த்த பிறகுதான் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன் என்று கூடவே வந்தார். ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்தால் கோஷாப் பெண்கள் வெளியே வருவார்களா? கூடத்து வாசலில் திரை கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஸ்பிரிட் விளக்கும் லான்செட்டுமாக நான். எனக்குப் பின்னால் நாற்காலியில் ரிஜிஸ்டரோடு அவர். உள்ளேயிருந்து ஒரு குரல் பேரையும் கதவு நம்பரையும் சொல்லும். திரை நடுவில் ஒரு கை நீளும். நான் குத்துவேன், அவர் எழுதுவார். எட்டாம் நாள் குத்தின இடம் கொப்புளித்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போகும்போதும் அதே ஏற்பாடுதான். அவர் வராத வருஷங்களிலும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. திரைக்குள் போக நானும் கேட்டதில்லை, அவர்களும் கூப்பிட்டதில்லை.

ஆக, அந்தத் தெருக்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான்.

2. ஏழு படிகளும் கட்டுமரப் பாயும்

தெரியும் என்று சொல்லியாகிவிட்டது. இனி கைகளை வைத்தே சமாளிக்க வேண்டும். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே எந்தக் கை, எத்தனை தழும்பு, எத்தனை பிடித்தது என்று இருக்கும். நான் ஒரு நோட்டு வாங்கி இரண்டு தெருவுக்கும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ரிஜிஸ்டரில் இல்லாததை என் ஞாபகத்திலிருந்து சேர்த்தேன். 'ஆறாம் நம்பர், முழங்கைக்கு மேலே மச்சம்.' 'பதினாலாம் நம்பர், நாலு தழும்பு, மணிக்கட்டில் சுட்ட வடு.' எழுதி முடித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. புத்தகத்தில் இருந்தால் தப்பு வராது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதிகம் படிக்காதவர்களுக்கு எழுத்தின் மேல் வரும் நம்பிக்கை அது.

பூத் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். தெருவிலிருந்து ஏழு படி ஏற வேண்டும். படிகள் நேரே தெருவைப் பார்த்திருந்தன. எதிர்வாடையில் கட்சிக்காரர்கள் கொட்டகை போட்டு நாற்காலி பரப்பியிருந்தார்கள். முதல் நாளே இடத்தைப் பார்க்க வந்த எங்கள் பிரிசைடிங் ஆபீசர் அலமேலு அம்மாள், படிகளையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். வேறொரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அவர்.

"ஜட்காலேர்ந்து எறங்கி இவா எப்படி இதுல ஏறுவா? தெருவே நின்னுண்டு வேடிக்கை பாக்கும். திரை வேணும்னு நான் எழுதிக் கேட்டாச்சு. 'மேஜை, பெட்டி, அரக்கு அனுப்பப்பட்டுள்ளது'ன்னு பதில் வந்திருக்கு. நான் அரக்கா கேட்டேன்?"

பியூன் முனுசாமி நொச்சிக்குப்பத்துக்காரன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "நம்ம குப்பத்துல கட்டுமரப் பாய் கீதும்மா. ரெண்டு தூக்கினு வரேன். ஜட்கா நிக்கற எடத்துலேர்ந்து மேல்படி வரைக்கும் ரெண்டு பக்கமும் கட்டிட்டா ஒரு பய கண்ணுலயும் படாது."

அப்படியே கட்டினான். மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் ஜட்கா வந்து நின்றது. திரைக்குள்ளே புர்காவோடு ஏறி வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யா அல்லா, இன்னா கவிச்சி! ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி மீன் வேற வாங்கணுமா?" என்றார். பின்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நோட்டை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வெளியே இருந்து பாய்த்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே முனுசாமி சொன்னான்: "இன்னாம்மா, வேர்த்து ஊத்திக்கினு கீற? ஓட்டுப் போடறது அவுங்க. உனக்கு இன்னா?"

உள்ளே முழுக்கப் பெண்கள்தான். மேஜையில் லிஸ்டோடு அலமேலு அம்மாள். பக்கத்தில் ஸ்டூலில் நான். எதிரே வேட்பாளர் ஒருவரின் ஏஜென்டாக சுபைதா டீச்சர். இன்னொரு வேட்பாளருக்குப் பெண் ஏஜென்ட் கிடைக்கவில்லை. மூங்கில் தட்டிக்குப் பின்னால் பச்சைப் பெட்டி ஒன்று, சிவப்புப் பெட்டி ஒன்று. படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிடலாம்.

வந்தவர்கள் முகத்திரையைத் தூக்கினார்கள். எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "கொஞ்சம் கையைக் காட்டுங்கம்மா," என்பேன். தழும்பைப் பார்ப்பேன், நோட்டைப் பார்ப்பேன், "இவங்கதான்," என்பேன்.

சுபைதா டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னா தாயாரம்மா, கைரேகை ஜோசியமா? அப்படியே எனக்கும் பார்த்து, எங்க ஆள் ஜெயிப்பாரான்னு சொல்லிடுங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்துவைத்தேன். முப்பது பேருக்கு மேல் அப்படிக் கடந்து போனார்கள். நோட்டு ஒரு இடத்திலும் தவறவில்லை.

3. பதினாலாம் நம்பர்

பத்தரை மணி இருக்கும். ஒரு ஜட்கா வந்து வெகுநேரம் ஆகியும் யாரும் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பாய்த் திரைகளுக்கு நடுவே புர்கா போட்ட ஒரு பெண் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் உட்கார்ந்தார். ஒரு கால் சூம்பிப்போய் இழுபட்டது. வேலைக்காரி ஒருத்தி கூடவே நின்றுகொண்டு, "பீவிம்மா, நான் தூக்கிக்கிறேனே," என்று கெஞ்சினாள்.

"நீ என்னைத் தூக்குனா ரெண்டு பேரும் தெருவுல கெடப்போம். கம்முனு வா."

ஏழு படியும் அப்படியே ஏறினார். மேலே வந்ததும் வேலைக்காரி வெளியிலேயே நின்றுவிட்டாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து மேஜைக்கு வந்தார். முகத்திரையைத் தூக்கினார். முகமெல்லாம் வியர்வை. முப்பது வயது இருக்கும்.

"பேர்?"

"ஹமீதா பீவி. பதினாலாம் நம்பர். வீட்டுக்காரர் மவுத்தாயிட்டாரு. வீட்டு வரி என் பேர்லதான் கட்டறேன்."

லிஸ்டில் எல்லாம் சரியாக இருந்தது. அலமேலு அம்மாள் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலக் கையைக் காட்டச் சொன்னேன். அவர் உடனே காட்டவில்லை. எதற்கு என்று கேட்டார். அம்மைத் தழும்பு பார்க்க என்றேன். அவர் முகம் மாறியது. மெதுவாகச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

தழும்பு ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டில் சுட்ட வடுவும் இல்லை. மற்றக் கையையும் காட்டச் சொன்னேன். அதுவும் வழவழவென்று இருந்தது.

நோட்டைப் பார்த்தேன். 'பதினாலாம் நம்பர், ஹமீதா பீவி, இடது கை, நாலு தழும்பு, நாலும் பிடித்தது.' குத்தியது நான். என் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்து எழுதியது.

"இவங்க அவங்க இல்லை," என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் சுபைதா டீச்சர் எழுந்துவிட்டார். "சேலஞ்ச்! நான் எழுத்துல தரேன். ஆள்மாறாட்டம்."

ஆள்மாறாட்டம் என்று தீர்ந்தால் ஓட்டு மட்டும் போகாது. பிரிசைடிங் ஆபீசர் அந்த ஆளைப் போலீசில் ஒப்படைக்கலாம். படிக்குக் கீழே ஒரு கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். கோஷாப் பெண்ணைக் கான்ஸ்டபிள் கூட்டிப் போவது என்றால் அந்தத் தெருவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நான்தான் ஹமீதா. எங்க வீட்டுல வேற யாரு ஹமீதா?" என்றார் அந்தப் பெண்.

"அப்போ கையிலே தழும்பு ஏன் இல்லை?" என்று அலமேலு அம்மாள் கேட்டார். "இவா ரிஜிஸ்டர்லேர்ந்துன்னா சொல்றா."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது," என்றார். பிறகு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்குச் சுருக்கென்றது. அந்த மணிக்கட்டு ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பதினாலாம் நம்பர் திரையிலிருந்து நீண்ட கை. விரல் நகங்களில் பாத்திரம் தேய்க்கிற கரி. உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. வீட்டுக்காரியின் கை இப்படியா இருக்கும் என்று அன்றே ஒரு நொடி நினைத்தேன். பின்னால் இன்ஸ்பெக்டர், "என்ன தாமதம்?" என்றார். குத்திவிட்டேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் கை கல்லு மாதிரி அசையாமல் இருந்தது. திரைதான் நடுங்கியது.

கை ஒருத்தியுடையது, பேர் இன்னொருத்தியுடையது. வேலைக்காரியின் கையை நீட்டவைத்து இவர் பேரைச் சொல்லியிருக்கிறார். அது இப்போது என் முன்னால் தெளிவாக நின்றது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்காரியும் மாட்டுவாள், அம்மை குத்திக்கொள்ளாமல் ஏமாற்றிய குற்றமும் சேரும். என் வேலை போகும் என்பதையும் நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

நானும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. நான் ஒப்புக்கொண்டால் ரிஜிஸ்டர் பொய். குத்தாத ஆளுக்கு சர்டிபிகேட் கொடுத்தவள் நான். புருஷன் இல்லாதவள், இந்தச் சம்பளத்தில் வயிறு கழுவுகிறவள். சுபைதா டீச்சர் சேலஞ்ச் காகிதத்தை எழுதி முடிக்கும் வரைக்கும் நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

அலமேலு அம்மாள் பேனாவை எடுத்தார். "கடைசியாக் கேக்கறேன் தாயாரம்மா. நிச்சயமா இவா அவா இல்லையா?"

நான் எழுந்து வெளியே போனேன். ஓடிவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மேல்படியில் குந்தியிருந்த வேலைக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். மேஜைமேல் அவள் கையை வைத்து, ரவிக்கைக் கையை மேலே தள்ளினேன். நாலு தழும்பு. மணிக்கட்டில் சுட்ட வடு.

"நான் குத்தினது இந்தக் கை. பேர்தான் அவங்க பேர். திரைக்கு அந்தப் பக்கம் யாருன்னு நான் பார்க்கலை. என் நோட்டு தப்பு. ரிஜிஸ்டரும் தப்பு," என்றேன்.

வேலைக்காரியின் பேர் பியாரி. பயந்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஆமா, நான்தான் குடுத்தேன். பீவிம்மாவோட அக்காவுக்குக் குத்துன கை வீங்கி ஜன்னி வந்து செத்துப்பூட்டாங்க. அந்த பயம் அவுங்களுக்கு. எனக்கு இன்னா, கை தேஞ்சா போவுது? பத்து நாளு சொறிஞ்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான். அதுக்குப் போலீஸா?"

4. முதுகைத் திருப்பிக்கொண்டு

இதோடு விஷயம் முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். முடியவில்லை.

அலமேலு அம்மாள் கணக்கு டீச்சர் மாதிரி விரலை நீட்டினார். "ஒண்ணு தெரிஞ்சுது. அந்தக் கை ஹமீதாவோடது இல்லை. ஆனா இவாதான் ஹமீதான்னு இன்னும் தெரியலையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் சுபைதா டீச்சர். "வேலைக்காரி எஜமானிக்குச் சாட்சியா? நாளைக்கு எங்க ஆளு தோத்தா, நீ அங்க உக்காந்து இன்னா பண்ணேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பூத் முழுக்க என்னைப் பார்த்தது. ஹமீதா பீவி சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஊன்றியிருந்த கால் நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் யாரோ அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதுவரைக்கும் எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"குரல்," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "திரைக்குப் பின்னாலிருந்து பேர் சொன்ன குரல் இவங்களோடது. எட்டாம் நாள் போனப்போ, 'ஆச்சாம்மா, இனிமே வரமாட்டீங்களே?'ன்னு கேட்டதும் இதே குரல். அதுக்கப்புறம் குழந்தைகளுக்குக் குத்தப் போனப்போ எல்லாம் கேட்டிருக்கேன்."

"நல்லாருக்கே! கையிலேர்ந்து இப்போ தொண்டைக்கு வந்தாச்சா?" என்றார் சுபைதா டீச்சர். "இவ்வளவு நேரம் அவங்க பேசிக்கிட்டுதானே இருந்தாங்க. இப்போ கேட்டுட்டு அதே குரல்னு யார் வேணா சொல்லலாம்."

அலமேலு அம்மாள் யோசித்தார். ஓரத்தில் இன்னும் மூன்று பேர் புர்காவோடு காத்திருந்தார்கள். அவர்கள் அதுவரை வாயைத் திறக்கவில்லை, நானும் அவர்கள் கையைப் பார்க்கவில்லை.

"தாயாரம்மா, அந்தச் சுவரைப் பாத்துண்டு நில்லுங்கோ. நோட்டை இங்கே வெச்சுடுங்கோ. நீங்க மூணு பேரும் ஒத்தொத்தரா ஏதாவது பேசணும். பேர் மட்டும் சொல்லப்படாது. இவா யார்னு சொல்லட்டும். குரல் இவாளுக்கு நெஜமாவே தெரியுமான்னு பாத்துடலாம்."

நோட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று கண்ணுக்கு நேரே இருந்தது. இதில் தப்பினால் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கான்ஸ்டபிளோடு படி இறங்குவார்.

முதல் குரல் கேட்டது. "இன்னாத்தைப் பேசச் சொல்றாங்க? வூட்டுல உலை வெச்சுட்டு வந்தேன்..." பேச்சு முடியும் முன்னே இருமல் வந்தது.

"ஒன்பதாம் நம்பர். நூர்ஜஹான் அம்மா. மூத்த பையனுக்கு ரெண்டு தடவை குத்தினேன்," என்றேன். பின்னால் யாரோ 'அடே' என்றார்கள்.

இரண்டாவது குரல் மெல்லிசு, சின்ன வயசு. "நான் முதல் தடவையா வந்திருக்கேன். பயமா இருக்கு."

காதைத் தீட்டிக்கொண்டேன். எந்தத் திரையும் ஞாபகம் வரவில்லை. ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிடு என்று மனசு பிடுங்கியது. ஆறாம் நம்பர் மருமகளாக இருக்கலாம், பதினொன்றாக இருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியாது," என்றேன். "இந்தக் குரலை நான் கேட்டதில்லை."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது குரல் அதட்டலாக வந்தது. "மீன் வாடைக்கு எனக்குத் தலை சுத்துது, சீக்கிரம் அனுப்புங்க."

"மூணாம் நம்பர் வீட்டுப் பெரியம்மா. கத்தியைச் சுட்டியா சுட்டியான்னு நாலு தடவை கேப்பாங்க."

"கேக்காம? சுடாமக் குத்துவியே!" என்றார் அந்தப் பெரியம்மா. சிரிப்பு கிளம்பியது.

நான் திரும்பினேன். அலமேலு அம்மாள் அந்தச் சின்னப் பெண்ணிடம் ஓட்டர் சீட்டை வாங்கி, எப்போது இந்தத் தெருவுக்கு வந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிக்காஹ் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறதாம். அவள் வந்த பிறகு அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லை.

சுபைதா டீச்சர் சேலஞ்ச் காகிதத்தை நாலாக மடித்தார். "அந்த ரெண்டு பேரைச் சொன்னதுக்காக நான் நம்பலை. தெரியாததைத் தெரியாதுன்னாங்க பாருங்க, அதுக்காக விடறேன். போங்க, பீவி."

அலமேலு அம்மாள் விடவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேட்டார். நானே என் கையால் எழுதினேன். கை மாறியது, பேர் மாறியது, நான் பார்க்கவில்லை என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டுச் சீட்டை எடுத்து ஹமீதா பீவியிடம் கொடுத்தார்.

தட்டிக்குப் பின்னால் சீட்டு பெட்டியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பச்சையா சிவப்பா என்று நான் யோசிக்கவும் இல்லை.

திரும்பி வந்தவர் மேல்படியில் உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ளப் போனேன்.

"பிடிக்க வேணாம். நாலு படி கீழே போயி நில்லுங்க. விழுந்தா உங்க மேலேயே விழறேன்," என்றார். விழவில்லை. கடைசிப் படியில், பியாரி ஜட்காவின் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தபோது, "உங்க வேலைக்கு ஆபத்தா?" என்று கேட்டார்.

"தெரியலை," என்றேன். தெரியாது என்று அன்று நான் சொன்னது அது இரண்டாவது தடவை.

5. மெமோ

நான் எழுதிக் கொடுத்தது நாலே நாளில் சுகாதார ஆபீசுக்குப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவங்க வேணும்னே ஏமாத்திட்டாங்கன்னு ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடு. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது," என்றார்.

"ஏமாத்தினது நிஜம்தான் ஐயா. ஆனா நகத்துல கரியைப் பார்த்தும் நான் கேக்கலை. அதையும் சேர்த்து எழுதவா?"

"வேணாம், போ," என்றார்.

எனக்கு மெமோ வந்தது. எச்சரிக்கை என்று தலைப்பு. வேலை போகவில்லை. இரண்டு தெருவின் பதிவும் ரத்தாகி, எல்லா வீட்டுக்கும் மறுபடி போகச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வாசலோடு நின்றார். நான் திரைக்குள் போய் முகத்தைப் பார்த்து, பேரைக் கேட்டு, கையைப் பிடித்தேன். இன்னும் நாலு வீட்டில் கை மாறியிருந்தது தெரிந்தது. ஹமீதா பீவி மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாம் தடவை லான்செட்டை அவர் கையிலேயே கொடுத்து விளக்கில் சுடச் சொன்னேன். போதும் என்று தோன்றும் வரைக்கும் சுட்டார். பிறகு கையை நீட்டினார். திரை இல்லாமல்.

அடுத்த எலெக்‌ஷனிலும் என் பேரைத்தான் போட்டார்கள். இந்தத் தடவை லிஸ்டை வாங்கிக்கொண்டு போய், வீடு வீடாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இத்தனை பேரைத் தெரியும், இத்தனை பேரைத் தெரியாது, தெரியாதவர்களை அறிந்த பெண்கள் இன்னின்னார், அவர்களையும் பூத்துக்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். பூத்தைத் தெருமட்டத்தில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். என் காகிதத்தால்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருத்தரைப் பார்த்து, இவர் இன்னார் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், நமக்கு அது எப்படித் தெரியும் என்று நம்மையே ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். பயந்த சுபாவம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. ஆனால் சர்வீஸ் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்ன எந்த நாளிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெரியும் என்று சொன்ன அந்த ஒரு நாளில்தான் ஒரு மனுஷி போலீஸ் வரைக்கும் போக இருந்தார்.